குறி காலில் தொடங்குகிறது: ஸ்னூக்கரில் நிற்பதும் கியூவை வீசுவதும்

ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஸ்னூக்கர் ஆடத் தொடங்கிய முதல் மூன்று ஆண்டுகள் நான் அவளேதான். மேசை சாய்ந்திருக்கிறது, துணி ஈரமாக இருக்கிறது, கூடத்துக் கியூ (பந்தை அடிக்கும் கோல்) வளைந்திருக்கிறது, பக்கத்து மேசையில் சத்தம் போடுகிறார்கள். ஒரு வெள்ளிக்கிழமை இரவு வேலை முடிந்து போய், நேராக இருந்த புளூ பந்தை நான்காவது முறையாகக் கோட்டைவிட்டேன். பக்கத்தில் தே ஓ (பாலில்லாத தேநீர்) குடித்துக்கொண்டிருந்த ஒரு சீன அங்கிள், "நீ குனியுறதுக்கு முன்னாடியே மிஸ் பண்ணிட்டே" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு என் காலைக் காட்டினார்.

கையை அல்ல, கியூவை அல்ல, காலை.

அவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள எனக்கு ஆறு மாதம் ஆனது. அதன்பின் கற்றுக்கொண்டதையும் பிறருக்குக் காட்டிக்கொடுத்ததையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். விதிகள் தெரியும், பத்துப் பதினைந்து புள்ளி பிரேக் (ஒரே முறையில் விடாமல் எடுக்கும் புள்ளிகள்) வரும், அதற்கு மேல் நகரவில்லை என்பவர்களுக்கானது இது. வலது கை ஆட்டக்காரரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். இடது கைக்காரர்கள் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சோதனை

எதையும் மாற்றுவதற்கு முன்னால் இப்போது எப்படி அடிக்கிறீர்கள் என்று தெரிய வேண்டும். மேசையிலிருந்து எல்லாப் பந்துகளையும் எடுத்துவிடுங்கள். வெள்ளையை, அதாவது கியூவால் அடிக்கும் பந்தை, பிரவுன் புள்ளியில் (பிரவுன் பந்துக்கான இடம்) வையுங்கள். அங்கிருந்து புளூ, பிங்க், பிளாக் புள்ளிகள் மூன்றும் ஒரே கோட்டில் கிடக்கின்றன. அந்தக் கோட்டின் மேல் வெள்ளையை நடுத்தர வேகத்தில் அனுப்பி, எதிர்க் குஷனில் (மேசையின் ரப்பர் விளிம்பு) பட்டு உங்கள் கியூவின் நுனிக்கே திரும்பி வரச் செய்ய வேண்டும். அடித்த பிறகு கியூவை எடுக்காதீர்கள். குனிந்தபடியே இருந்து பந்து எங்கே வருகிறது என்று பாருங்கள்.

கேட்க எளிதாகத்தான் இருக்கும். முழு அளவு மேசையின் ஆடுபரப்பு 3569 மில்லிமீட்டர் நீளம். பிரவுன் புள்ளியிலிருந்து எதிர்க் குஷன் வரை ஏறக்குறைய 2.8 மீட்டர். ஒரே ஒரு பாகை தவறினால் அந்தத் தூரத்தில் சுமார் 5 சென்டிமீட்டர் விலகிப் போகும். பந்தின் விட்டமே 52.5 மில்லிமீட்டர்தான். அதாவது ஒரு பாகை கோணலுக்கு ஒரு பந்து அகலம் போச்சு. இது போகும் வழிக்கு மட்டும். வெள்ளையின் நடுவில் அடிக்காமல் ஓரத்தில் அடித்திருந்தால் சைடு சுழற்சி ஏறி, குஷனில் பட்டதும் இன்னும் ஒதுங்கி ஓடும்.

இருபது முறை அடியுங்கள். எத்தனை முறை வலப்பக்கம் வந்தது, எத்தனை முறை இடப்பக்கம், எத்தனை முறை நுனிக்கே வந்தது என்று கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் என்பது முக்கியம்; ஏன் என்று பின்னால் சொல்கிறேன். மேசையின் மேல் சந்தேகம் இருந்தால் எதிர்முனையிலிருந்தும் பத்து முறை அடித்துப் பாருங்கள். உண்மையிலேயே சாய்ந்த மேசை என்றால் பந்து இரண்டு முனையிலிருந்தும் ஒரே சுவர்ப் பக்கம் ஒதுங்கும். என் விஷயத்தில் அப்படி ஒதுங்கவில்லை. கூடம் நேராகத்தான் இருந்தது.

எந்தக் கண் உங்களுடையது

கியூ மோவாய்க்கு நட்டநடுவில்தான் ஓட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். எல்லோருக்கும் அது பொருந்தாது. பெரும்பாலோருக்கு ஒரு கண் மற்றதைவிடக் குறிபார்ப்பதில் முந்திக்கொள்ளும். இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே ஒரு சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியாக எதிரிலுள்ள மின்விளக்கு சுவிட்சைப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது சுவிட்ச் ஓட்டைக்குள்ளேயே இருக்கிறதோ அது உங்கள் ஆதிக்கக் கண்.

ஆதிக்கம் பலமாக இருந்தால் கியூ அந்தக் கண் பக்கமாகச் சற்றுத் தள்ளி மோவாயில் பட வேண்டியிருக்கும். வலது கையால் ஆடி, இடது கண்ணால் பார்ப்பவர்கள் உண்டு. அவர்களை நடு மோவாயில் கட்டாயப்படுத்தினால், சோதனையில் எல்லாப் பந்தும் ஒரே பக்கம் போகும். என் நண்பர் ஒருவர் இரண்டு ஆண்டுகள் இப்படிக் கஷ்டப்பட்டார். கியூவை மோவாயில் ஒரு விரற்கடை இடப்பக்கம் நகர்த்தினார், ஒரே மாலையில் சரியானது. அதற்காக எல்லோரும் உடனே நகர்த்திவிடாதீர்கள். ஆதிக்கம் லேசாக இருந்தால் நடுவிலேயே விடுங்கள்.

கால்

இங்கேதான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

பெரும்பாலானவர்கள் செய்வது இது: வெள்ளைக்கு அருகில் போய் நிற்பார்கள், குனிவார்கள், குனிந்த பிறகு எங்கே அடிக்க வேண்டும் என்று தேடுவார்கள். தலை கீழே, கண்கள் மேசைக்குச் சமமாக. அந்தக் கோணத்தில் எந்தக் கோடும் நன்றாகத் தெரியாது. கண் ஒன்று சொல்லும், கால் வேறு திசையில் நிற்கும். இரண்டையும் சமாதானப்படுத்தக் கை வளைந்து கொடுக்கும். அந்த வளைவுதான் தவறு. கைக்கு வந்த நோய் மாதிரி தெரியும், மூலம் கீழே இருக்கும்.

சரியான வரிசை இப்படி. வெள்ளைக்குப் பின்னால் ஓர் எட்டு தள்ளி நிமிர்ந்து நில்லுங்கள். குறிப்பந்தில் (வெள்ளை போய் மோத வேண்டிய பந்து) எந்த இடத்தில் பட வேண்டும் என்று நின்றபடியே முடிவு செய்யுங்கள். அந்த இடத்துக்கும் வெள்ளைக்கும் நடுவில் ஒரு கோடு கிடக்கிறது. கொத்தனார் நூல் பிடித்துக் கட்டியது போல அந்தக் கோடு வெள்ளையைத் தாண்டி உங்கள் பக்கம் தரையில் இறங்கி வருவதாகப் பாருங்கள். இதைக் குறிக்கோடு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தலை அந்தக் கோட்டுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். கியூவையும் கோட்டின் மேல் தோராயமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது வலது காலை முதலில் வையுங்கள். பாதத்தின் உட்பக்கம் கோட்டின் மேல் இருக்கட்டும், விரல்கள் சற்று வெளிப்பக்கம் திரும்பட்டும். பிறகு இடது கால்: தோள் அகலம் தள்ளி, கொஞ்சம் முன்னால், கோட்டுக்கு இணையாக நீட்டி. அப்புறம்தான் குனிய வேண்டும். வலது காலை வைத்த நொடியிலேயே ஷாட்டின் பாதி முடிந்துவிட்டது. கால் கோட்டை விட்டு நான்கு விரல் தள்ளி விழுந்தால் இடுப்பும் தோளும் அதே நான்கு விரலைச் சுமந்துகொண்டு கீழே வரும்.

முக்கியமான ஒன்று: குனிந்த பிறகு காலை நகர்த்தாதீர்கள். ஏதோ சரியில்லை என்று தோன்றினால் எழுந்து, ஓர் எட்டு பின்னால் போய், முதலிலிருந்து வாருங்கள். இது எரிச்சலாக இருக்கும். மணிக்கணக்கில் காசு ஓடிக்கொண்டிருக்கும்போது எழுந்து நிற்க யாருக்கும் மனம் வராது. ஆனால் உலகத் தரத்து ஆட்டக்காரர்களைத் தொலைக்காட்சியில் பாருங்கள். பாதியில் எழுந்து மறுபடி வருவதற்கு அவர்கள் வெட்கப்படுவதே இல்லை.

இரண்டு விதமான நிலைகளைப் பார்ப்பீர்கள். பழைய பாணியில் உடம்பு கோட்டுக்குச் சற்றுப் பக்கவாட்டில் திரும்பியிருக்கும், பின்னங்கால் முழங்கால் மடங்காமல் விறைப்பாக, முன்னங்கால் மடங்கி இருக்கும். இப்போது பரவலாகிவிட்ட இன்னொரு பாணியில் இரண்டு பாதங்களும் ஏறக்குறைய முன்னோக்கி, இரண்டு முழங்கால்களும் லேசாக மடங்கி, மார்பு மேசையை நேராகப் பார்க்கும். இதில் தலை கோட்டின் மேல் எளிதாக வந்து உட்காரும். ஆனால் கியூ போவதற்கு இடுப்புப் பக்கம் இடம் வேண்டும். தொப்பை உள்ளவர்களுக்கு (நான் உட்பட) பழைய பாணியே கருணை காட்டுகிறது. எது என்று தீர்மானிக்க உங்கள் உயரத்தையும் பாருங்கள். மேசையின் உயரம் ஏறக்குறைய 85 முதல் 88 சென்டிமீட்டர். உயரமானவர்கள் கால் மடக்காமல் குனிந்தால் முதுகு பழிவாங்கும். குட்டையானவர்கள் இரண்டு காலையும் நேராகவே வைத்துக்கொள்ளலாம்.

ஸ்திரமாக நிற்கிறீர்களா என்று அறிய ஒரு வழி: குனிந்து தயாரானதும் கூட வந்தவரை உங்கள் தோளை ஒரு விரலால் பக்கவாட்டில் லேசாகத் தள்ளச் சொல்லுங்கள். ஆடினால் கால்கள் நெருக்கமாக இருக்கின்றன. எடை இரண்டு காலிலும் பிரிந்து, கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்து, மீதி பிரிட்ஜ் கைக்கு (மேசையில் ஊன்றிக் கியூவைத் தாங்கும் கை) போக வேண்டும். கட்டில் போல நான்கு கால் இல்லை நமக்கு. மூன்றாவது கால் அந்தக் கைதான்.

குனிவது

கோட்டின் மேல் கீழே இறங்குங்கள். பக்கவாட்டிலிருந்து வளைந்து உள்ளே வராதீர்கள். விமானம் சாங்கி ஓடுபாதையில் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். வெகு தூரத்திலிருந்தே நேராக வரும். தலை அப்படி இறங்க வேண்டும், கண் குறிப்பந்தின் மேலேயே இருக்கட்டும்.

கீழே வந்ததும் கியூ உடம்பில் சில இடங்களில் படும்: பிரிட்ஜ் கை, மோவாய், மார்பு, பிடிக்கும் கை. தச்சர் மரம் அறுக்கும்போது வாளுக்கு ஒரு சட்டம் வைப்பார் அல்லவா, மோவாயும் மார்பும் அந்தச் சட்டம். கியூ அவற்றை உரசிக்கொண்டு ஓடினால் கோணலாக ஓடச் சிரமப்படும். கழுத்து வலி உள்ளவர்கள் மோவாய்க்கும் கியூவுக்கும் நடுவில் ஓர் அங்குலம் விட்டுக்கொள்ளலாம், தவறில்லை. தலை ஒவ்வொரு முறையும் அதே உயரத்தில் இருந்தால் போதும்.

அலுவலகத்திலிருந்து நேரே வருகிறவர்களுக்கு ஒன்று: கழுத்தில் தொங்கும் அட்டையைக் கழற்றிப் பையில் போடுங்கள். சட்டையோ அட்டையோ பந்தைத் தொட்டாலும் பவுல் (விதிமீறல்) தான், குறைந்தது 4 புள்ளி போகும். எனக்கு ஒரு முறை போயிருக்கிறது, அதுவும் கறுப்புப் பந்தில், 7.

பிரிட்ஜ்

இடது உள்ளங்கையை மேசையில் பதித்து விரல்களை நன்றாக விரியுங்கள். விரல் நுனிகளால் துணியை லேசாகக் கவ்வி முட்டிகளை உயர்த்துங்கள். பெருவிரலை ஆட்காட்டி விரலோடு ஒட்டி மேலே தூக்கினால் நடுவில் ஒரு பள்ளம் கிடைக்கும். கியூ அதில் ஓடும். பள்ளம் ஆழமாக இருக்க வேண்டும். மூன்று விரலைச் சேர்த்து வைத்தால் கை ஆடும். வெள்ளையிலிருந்து 25 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். புதிதாக ஆடுபவர்கள் மிக அருகில் வைப்பார்கள், வீச்சுக்கு இடமே இருக்காது.

கை முழுவதும் நேராக விறைக்க வேண்டுமா, முழங்கை கொஞ்சம் மடங்கலாமா என்று ஒரு பழைய வழக்கு உண்டு. எனக்கு லேசாக மடங்குவது பிடிக்கும். முழுக்க விறைத்தால் தோள் முன்னே தள்ளப்பட்டு, காலில் கஷ்டப்பட்டு அமைத்த கோடு கலைகிறது. நேராக நீட்டி அற்புதமாக ஆடுபவர்களும் இருக்கிறார்கள், அதனால் சண்டைக்கு வர வேண்டாம்.

குஷனை ஒட்டி வெள்ளை நின்றால் விரல்களைக் குஷன் மேலேயே தட்டையாக வைத்து, வீச்சைப் பாதியாகக் குறைத்து, மெதுவாக ஆடுங்கள். வேறு வழியில்லை.

பிடி

கேரம் ஆடி வளர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அங்கே விரலைச் சுண்டுவதில்தான் எல்லாம். அந்தப் பழக்கம் ஸ்னூக்கரில் கியூவைப் பிடித்த கையில் வந்து உட்கார்ந்துகொள்ளும்: அடிக்கும் நொடியில் மணிக்கட்டு சுண்டும், விரல்கள் இறுகும், கியூவின் பின்பகுதி திரும்பும், நுனி வெள்ளையின் நடுவை விட்டு நகரும். சோதனையில் பந்து வலம், இடம் என்று மாறி மாறி வருவதற்கு அனேகமாக இதுதான் காரணம்.

பெருவிரலும் முதல் இரண்டு விரல்களும் சேர்ந்து ஒரு வளையம். மற்ற விரல்கள் சும்மா கூட இருக்கட்டும். எவ்வளவு இறுக்கம் என்றால், குழந்தையின் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்கும்போது பிடிப்பீர்களே, அவ்வளவு. நழுவக் கூடாது, வலிக்கவும் கூடாது. மணிக்கட்டு உள்ளேயும் வெளியேயும் மடங்காமல் நேராகத் தொங்கட்டும். கியூவைப் பின்னுக்கு இழுக்கும்போது கடைசி விரல்கள் தாமாகத் திறக்கும், முன்னே வரும்போது தாமாக மூடும். நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்.

எந்த இடத்தில் பிடிப்பது? நுனி வெள்ளைக்கு மிக அருகில் இருக்கும்போது உங்கள் முன்கை, கொத்தனாரின் தூக்குக்குண்டு போல முழங்கையிலிருந்து செங்குத்தாகத் தொங்க வேண்டும். அதற்கு எங்கே பிடிக்க வேண்டுமோ அங்கே பிடியுங்கள். கை நீளமானவர்களுக்கு அடிமுனையை ஒட்டியும், மற்றவர்களுக்குச் சற்று முன்னாலும் வரும். குனிந்தபடி இதை நீங்களே பார்ப்பது கடினம். பக்கவாட்டிலிருந்து யாரையாவது கைப்பேசியில் எடுக்கச் சொல்லுங்கள். முதல் முறை பார்க்கும்போது அது நாம்தானா என்று சந்தேகம் வரும்.

பின்னாலிருந்தும் ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். தலை, முழங்கை, கை, கியூ எல்லாம் ஒரே செங்குத்துக் கோட்டில் இருப்பது நல்லது. முழங்கை வெளியே தள்ளி நின்றால் முதலில் காலைப் பாருங்கள். பத்தில் ஆறேழு பேருக்கு வலது கால் கோட்டை விட்டு விலகி நிற்கும். கியூவுக்கு இடம் இல்லாமல் முழங்கை ஒதுங்கியிருக்கும். (இது நான் பார்த்தவரையில்.)

வீச்சு

இப்போதுதான் கியூ நகரப் போகிறது. ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் போகும், உச்சியில் ஒரு கணம் நிற்கும், பிறகு முன்னே வரும்போது வேகம் கூடிக்கொண்டே வரும். யாரும் அதை உச்சியிலிருந்து பிடித்துத் தள்ளுவதில்லை.

நுனியை வெள்ளைக்கு ஒரு சென்டிமீட்டருக்குள் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். தொட்டால் அடித்ததாகவே கணக்கு. மெதுவாக இரண்டு, மூன்று ஒத்திகை வீச்சு. இங்கே பெதரிங் என்பார்கள். எப்போதும் ஒரே எண்ணிக்கை, ஒரே வேகம். இந்த நேரத்தில் கண் வெள்ளைக்கும் குறிப்பந்துக்கும் இடையே போய் வரலாம்.

கடைசி ஒத்திகையின் முடிவில் முன்னால் நில்லுங்கள். நுனி வெள்ளையின் நடுவில் இருக்கிறதா? இங்கே பார்வை வெள்ளையின் மேல். நடுவில் இல்லையென்றால் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்: எழுந்திருங்கள்.

சரியாக இருந்தால் கியூவைப் பின்னுக்கு இழுங்கள், நீங்கள் நினைப்பதைவிட மெதுவாக. நான் பார்த்த பிழைகளில் மிகச் சாதாரணமானது வெடுக்கென்று இழுப்பது. வேகமாகப் பின்னால் போன கியூவைத் திருப்பக் கையை இறுக்க வேண்டியிருக்கும். இறுக்கினால் பிடியில் சொன்ன வியாதி எல்லாம் வரும். பின்னால் போய்ச் சேர்ந்ததும் ஒரு கணம் நிறுத்துங்கள். இந்த இடத்தில் கண் குறிப்பந்துக்குப் போய்விட வேண்டும். அடிக்கும் நொடியில் பார்வை அங்கேதான். வெள்ளையைப் பார்த்துக்கொண்டே அடிப்பவர்கள் இருக்கிறார்கள். தையல்காரர் ஊசியைப் பார்க்காமல் கட்டைவிரலைப் பார்ப்பது மாதிரி அது.

பிறகு முன்னே. முழங்கை நகராமல் முன்கை மட்டும் வரட்டும். வெள்ளையில் பட்டதோடு நின்றுவிடாமல், வெள்ளை இருந்த இடத்தைத் தாண்டி 10 முதல் 15 சென்டிமீட்டர் கியூ போகட்டும். பலமாக அடிக்கும்போது, பட்ட பிறகு முழங்கை கீழே இறங்குவது இயல்பு. படுவதற்கு முன் இறங்கினால் நுனி மேலே ஏறிவிடும்.

பலம் எங்கிருந்து வருகிறது? இழுப்பின் நீளத்திலிருந்து. மெல்ல அடிக்கக் குறைவாக இழுங்கள், ஓங்கி அடிக்க நீளமாக இழுங்கள். முன்னே வரும் லயம் ஒன்றுதான். தோளால் தள்ளிப் பலம் சேர்ப்பவர்கள் சட்டையில் வியர்வையைச் சேர்ப்பார்கள், புள்ளியை அல்ல.

கடைசியாக, அசையாதீர்கள். குறிப்பந்து பாக்கெட்டில் விழும் சத்தம் வரும்வரை தலை அங்கேயே இருக்கட்டும். 1972லும் 1982லும் உலகப் பட்டம் வென்ற அலெக்ஸ் ஹிக்கின்ஸ் அடிக்கும்போதே உடம்பைத் தூக்கி எறிவார். அவரைக் காட்டி என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. அவருக்கு இருந்த கண்ணும் கையும் நமக்கு இருந்தால் நாம் வாடகை மேசையில் ஆடிக்கொண்டிருக்க மாட்டோம்.

சோதனை என்ன சொல்கிறது

முதலில் குறித்து வைத்த இருபது அடிகளுக்குத் திரும்புவோம். எல்லாமே ஒரே பக்கம் போயிருந்தால் கையைத் தொடாதீர்கள். கை பிழையாக இருந்தால் இவ்வளவு ஒழுங்காகப் பிழை செய்யாது. கால் கோட்டில் இல்லை, அல்லது கியூ தவறான கண்ணுக்குக் கீழே ஓடுகிறது. முதலில் காலைச் சரிபார்த்து, பிறகு கண்ணைப் பாருங்கள்.

இரண்டு பக்கமும் சிதறியிருந்தால் பிடியும் இழுப்பும்தான். மெதுவாக அடிக்கும்போது நேராக வந்து, பலமாக அடிக்கும்போது மட்டும் சிதறினாலும் அதேதான். முன்னே வரும்போது கை இறுகுகிறது.

முதல் அரை மணி நன்றாக வந்து பிறகு கெட்டுப்போனால் களைப்பு. எடை பின்னங்காலுக்குப் போய்விட்டது. உட்காருங்கள், ஒரு கோப்பி குடியுங்கள். பயிற்சியில் எல்லாம் விழுந்து, நண்பரோடு பந்தயத்தில் மட்டும் தவறினால், பந்து விழுகிறதா என்று பார்க்கத் தலை சீக்கிரம் எழுகிறது. இதற்கு மருந்து வேறொன்றும் இல்லை, அந்தச் சத்தத்துக்குக் காத்திருப்பதுதான்.

ஒரே நாளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். காலை மாற்றிய வாரத்தில் பிடியைத் தொடாதீர்கள். புது நிலையில் முதல் இரண்டு வாரம் முன்பைவிட மோசமாகத்தான் ஆடுவீர்கள். பழைய கோணலுக்குப் பழைய கை ஈடுகொடுத்துக்கொண்டிருந்தது. கோணல் போன பிறகும் கை அதே ஈட்டைக் கொடுத்துக்கொண்டிருக்கும். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் பயந்து பழைய நிலைக்கே திரும்புகிறார்கள். நானும் ஒரு முறை திரும்பினேன், நான்கு மாதம் வீண்.

வீட்டில், மேசை இல்லாமல்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஸ்னூக்கர் மேசைக்கு இடமில்லை. 12 அடிக்கு 6 அடி மேசையைச் சுற்றிக் கியூ வீசவும் இடம் விட்டால் நம் வரவேற்பறையே போய்விடும். ஆனால் வீச்சைப் பழக மேசை தேவையில்லை, பந்தும் தேவையில்லை.

சாப்பாட்டு மேசை பெரும்பாலும் 75 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். பிரிட்ஜ் கைக்குக் கீழே இரண்டு தடித்த புத்தகம் போட்டால் ஸ்னூக்கர் மேசையின் உயரம் வந்துவிடும். அதே உயரத்தில் ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டிலைப் படுக்கவைத்து உருளாமல் துணியால் அணை கட்டுங்கள். பாட்டில் வாய்க்குள் கியூவின் நுனியை விட்டு, ஓரத்தில் படாமல் உள்ளே வெளியே வீசுங்கள். பட்டால் டக் என்று சத்தம் கேட்கும். முதல் நாள் எங்கள் வீட்டில் கேட்ட சத்தத்துக்கு என் மனைவி சமையலறையிலிருந்து வந்து பார்த்தார். தினமும் பத்து நிமிடம், ஐம்பது வீச்சு. ஒவ்வொரு பத்து வீச்சுக்கும் ஒரு முறை எழுந்து, தரை ஓட்டின் கோட்டை குறிக்கோடாக வைத்துக்கொண்டு, வலது காலிலிருந்து மறுபடி உள்ளே வாருங்கள். சதுர ஓடு பதித்த தரை இதற்கென்றே செய்தது மாதிரி இருக்கும்.

பின்னால் சுவர் எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கமான கியூ 58 அங்குலம், அதாவது ஏறக்குறைய 147 சென்டிமீட்டர். ஆம், உச்ச பிரேக்கின் அதே எண். அந்த 147ஆவது நமக்குக் கிடைத்திருக்கிறதே.

நம் ஊர் காற்று

சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். மழை நாளில் கதவு திறந்து மூடும் கூடத்தில் துணி ஈரத்தை உறிஞ்சிப் பந்து மந்தமாக ஓடும். நாம் நம்மை அறியாமல் ஓங்கி அடிக்கத் தொடங்குவோம், வீச்சு கெடும். அப்படிப்பட்ட நாளில் முதல் ஐந்து நிமிடம் வெள்ளையை மட்டும் மேலும் கீழும் ஓட்டி வேகத்தைப் பழகிக்கொள்ளுங்கள். கூடுதல் வேகத்தை இழுப்பின் நீளத்தில் கொடுங்கள், கையின் இறுக்கத்தில் அல்ல.

கியூவின் தண்டு பிசுபிசுப்பாகி பிரிட்ஜில் ஒட்டினால் சற்றே ஈரமான துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், ஒவ்வொரு முறையும் மரம் மெலியும். கூடத்தில் கை கழுவிவிட்டு நன்றாகத் துடைத்த பிறகு ஆடுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே போய்விடும். காரின் பின்பெட்டியில் கியூவை விட்டுவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். என் முதல் சொந்தக் கியூ அப்படித்தான் வில்லானது. அன்றைக்கு மட்டும் கியூ கோணல் என்று நான் சொன்னது உண்மை.

ஒரு மணி நேரத்துக்கு மேசை எடுத்தால் நான் இப்படிச் செலவிடுகிறேன். முதல் பத்து நிமிடம் பிரவுன் புள்ளிச் சோதனை. அடுத்த இருபது நிமிடம் புளூவை அதன் புள்ளியில் வைத்து, ஒரு மூலைப் பாக்கெட்டுக்கு நேராக இருக்கும்படி வெள்ளையை வைத்து அடிப்பது. பந்து விழுந்ததா என்பதைவிட, அடித்த பிறகு நுனி கோட்டில் நிற்கிறதா என்று பார்ப்பேன். வெள்ளை அதே இடத்தில் நின்றால் நடுவுக்குச் சற்றுக் கீழே சுத்தமாகப் பட்டிருக்கிறது. மீதி நேரம் ஆட்டம், சிரிப்பு, பந்தயம். ஒவ்வொரு அடிக்கும் முன் நுனிக்குச் சாக் (சுண்ணக்கட்டி) தேய்த்துக்கொள்ள அந்த ஒரு நொடி கிடைக்கும். அதை வெள்ளைக்குப் பின்னால், ஓர் எட்டு தள்ளி, கோட்டின் மேல் நின்று செய்கிறேன்.

அந்த அங்கிளை இப்போதும் சில வெள்ளிக்கிழமைகளில் பார்ப்பேன். நான் குனியும்போது அவர் பந்தைப் பார்ப்பதில்லை, தரையைத்தான் பார்க்கிறார்.